இடக்கரடக்கலும் ஒரு வயிற்றுப்போக்கும்

இளங்கலை முதலாண்டு மாணவர்க்கு நன்னூல் நடத்துகையில், ஆண்டுதோறும் ஒரு நாள் வகுப்பு தவறாமல் சிரிக்கும். தகுதி வழக்கு மூன்று வகைப்படும். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, முதலாவதற்கு உரையாசிரியர்கள் வழிவழியாகக் காட்டிவரும் 'கால் கழுவி வந்தான்' என்னும் எடுத்துக்காட்டைச் சொல்லும் நாள் அது. கடைசி வரிசையில் எழும் சிரிப்பு முன்வரிசைக்கு வந்து சேர அரை நிமிடம் ஆகும். நாமும் உடன் சிரித்துவிட்டு மங்கலத்திற்குத் தாவிவிடுவோம். ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக அந்தப் பாடத்தை இப்படித்தான் கடந்து வந்திருக்கிறோம். இனி அவ்வாறு கடக்க இயலும் என்று தோன்றவில்லை. காரணம் நம் பழைய மாணவர் ஒருவர்.

அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்கும். மணமாகி மூன்றாண்டுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவரைக் கண்டதும் திடுக்கிட்டோம். கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டு மாதங்களாக வயிறு சரியில்லை என்றார். உப்புசம், துர்நாற்றமுள்ள கழிச்சல், உடல் மெலிவு. மருந்து உண்டால் இரண்டு வாரம் நிற்கும். பிறகு மீண்டும் தொடங்கும். இரண்டு மருத்துவர்களைப் பார்த்தாயிற்று. இருவரும் ஒரே கேள்விகளையே கேட்டார்கள்: எங்கே சாப்பிடுகிறீர்கள், என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்? அவர் கடைச் சாப்பாட்டை நிறுத்தினார். தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார். நோய் நிற்கவில்லை.

மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர் ஒரு பெண்மணி. மூன்று வெவ்வேறு நாள்களில் மலத்தைப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னார். அதில் ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணி இருப்பது தெரிந்தது. பின்னர் அவர் ஆங்கிலத்தில் மிக இயல்பாக ஒரு கேள்வி கேட்டார். நம் மாணவர் தலை குனிந்தபடி ஆம் என்றார். துணைவியாரையும் பரிசோதித்தார்கள். அவருக்கு ஒரு நாளும் வயிறு வலித்ததில்லை. ஆனால் அதே ஒட்டுண்ணி அவர் குடலிலும் இருந்தது. கணவர் ஒவ்வொரு முறை மருந்துண்டு குணமானபோதும், நோயறிகுறி ஏதுமில்லாத மனைவியிடமிருந்து அது திரும்ப வந்துகொண்டிருந்தது. இருவருக்கும் ஒரே வேளையில் மருந்து கொடுத்ததும் எட்டு மாதத் தொல்லை முடிந்தது.

"ஐயா, அந்தக் கேள்வியை அந்தம்மா தமிழில் கேட்டிருந்தால் நான் எழுந்து ஓடியிருப்பேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "இதைப் பற்றித் தமிழில் தேடிப் பார்த்தேன் ஐயா. ஒன்று ஆபாசமாக இருக்கிறது, இல்லையென்றால் திட்டுகிறது. நாலு பேர் படிக்கிற மாதிரி இதைத் தமிழில் சொல்லவே முடியாதா?" என்று கேட்டார். தமிழாசிரியரைப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வி அது. அன்று நம்மிடம் விடையில்லை. இக்கட்டுரை அதற்கு விடை சொல்லும் முயற்சி.

முதலில் பொருளைச் சொல்லிவிடுவோம். வயதுவந்த இருவர் மனமொப்பிக் கூடுகையில், ஒருவர் வாய் மற்றவரின் எருவாயில் படுவதும், அதனால் நேரக்கூடிய நோய்களும், அவற்றைத் தவிர்க்கும் வழிகளுமே இங்குப் பொருள். எருவாய், குதம், ஆசனவாய் என இவ்வுறுப்புக்குத் தமிழில் பல பெயர்கள் உள்ளன. மருத்துவ நூல்களில் பயின்ற சொற்கள்தாம் இவை, ஒன்றும் ஆபாசமன்று. ஆகவே சொல் இல்லை என்பது பொய். சொல் இருந்தும் நாம் அதை எடுப்பதில்லை என்பதே மெய். இவ்வழக்கத்தைப் போற்றவோ தூற்றவோ நாம் இதை எழுதவில்லை. இருக்கிற ஒன்றைப் பற்றி, அதில் ஈடுபடுவோர் அறிந்திருக்க வேண்டியதை எழுதுகிறோம். ஆணும் பெண்ணும் சேர்ந்த இணைகளிலும் இது உண்டு. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்த இணைகளிலும் உண்டு. மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாடும் இல்லை.

நோய் தொற்றும் விதத்தில் புதுமை ஏதுமில்லை. கெட்ட தண்ணீராலும் ஈ மொய்த்த பண்டத்தாலும் எவை பரவுகின்றனவோ அவையே இங்கும் பரவுகின்றன. ஒருவர் மலத்திலுள்ள கிருமி இன்னொருவர் வாய்க்குப் போய்ச் சேர்வதே அடிப்படை. ஊர்க் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்தால் அது நூறு வீடுகளைச் சுற்றிக்கொண்டு வரும்; இங்கே சுற்றில்லாமல் நேரே வருகிறது. ஒட்டுண்ணிகளில் ஜியார்டியாவும் சீதபேதி உண்டாக்கும் அமீபாவும், நுண்ணுயிரிகளில் ஷிகெல்லா, சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் ஆகியவையும், நச்சுயிரிகளில் மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ-யும் இவ்வழியில் வரக்கூடியவை. குழந்தைகளைப் படுத்தும் கீரிப்பூச்சியின் முட்டையும் இவ்வழியில் பெரியவர்களுக்கு வரும்.

இவற்றுட் சில எவ்வளவு சிறிய அளவில் போதுமானவை என்பதை அறிந்தால் வியப்பாக இருக்கும். ஜப்பானில் சீதபேதி பெருவாரியாகப் பரவிய 1897ஆம் ஆண்டில் கியோஷி ஷிகா என்ற மருத்துவ அறிஞர் அதன் கிருமியைக் கண்டறிந்தார். அவர் பெயரால் வழங்கும் ஷிகெல்லா பத்து முதல் நூறு கிருமிகள் உள்ளே போனாலே நோய் தரவல்லது. ஜியார்டியாவுக்கும் பத்துக் கூடுகள் போதும். இந்த அளவு கண்ணுக்குத் தெரியாது, மணமும் இராது. ஆதலால் 'சுத்தமாகத்தான் இருக்கிறது' என்று கண் சொல்லும் சான்று இவ்விடத்தில் செல்லாது. நோயறிகுறி இல்லாதவரும் கிருமியைச் சுமக்கலாம் என்பதற்கு நம் மாணவரின் துணைவியாரே சாட்சி. வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் சில வாரங்கள் ஷிகெல்லா மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கலாம். மஞ்சள் காமாலையிலோ, கண் மஞ்சளாவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் தொற்று மிகுதி; அதாவது நோயாளி தம்மை நோயாளி என்று அறியாத நாள்களில்.

மேலைநாடுகளில் இது பற்றிய பேச்சு தொடங்கிய வரலாற்றில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. 1970களில் சான்பிரான்சிஸ்கோ நகரின் பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய செல்மா டிரிட்ஸ் என்னும் மருத்துவர், அமீபாவும் ஜியார்டியாவும் ஷிகெல்லாவும் அந்நகரின் ஒருபாலீர்ப்பு ஆண்களிடையே பெருகி வருவதைக் கவனித்தார். கெட்ட தண்ணீரும் கெட்ட உணவும் இல்லாத இடத்தில் இந்நோய்கள் எப்படி வந்தன என்று கேட்டு, விடையையும் கண்டார். கண்டதை அலுவலகக் கோப்பில் பூட்டி வைக்கவில்லை. மருத்துவர்களிடமும் அம்மக்களிடமும் நேரே சென்று, முகம் சுளிக்காமல், உரிய சொற்களில் பேசினார். அப்போது அவர் நடுவயது கடந்த பெண்மணி. அறவுரை ஆற்றுபவர்க்கு அவ்விடத்தில் யாரும் செவி கொடுத்திருக்கமாட்டார்கள். அவர் பேச்சைக் கேட்டார்கள்.

இரண்டாம் பாடம் இதற்கு நேர்மாறானது. 1976இல் நியூயார்க்கின் மருத்துவர்கள் சிலர் இந்நோய்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி, 'ஒருபாலீர்ப்பாளர் குடல்நோய்' என்று பொருள்படும் ஒரு பெயரை ஆங்கிலத்தில் சூட்டினார்கள். நோய்க்கு வைக்க வேண்டிய பெயரை மனிதருக்கு வைத்துவிட்டார்கள். ஒரே நோயன்று, பல கிருமிகள். ஒரே சாராரன்று, அவ்வழக்கம் உள்ள எவரும் என்ற இரண்டு உண்மைகளும் அப்பெயரில் மறைந்தன. பின்னாளில் மருத்துவ உலகமே அதைக் கைவிட்டது. சொல்லாமல் விடுவதால் மட்டுமன்று, தவறாகச் சொல்வதாலும் கேடு வரும் என்பதற்கு இது சான்று. அப்பெயரைக் கேட்டு வளர்ந்த மருத்துவர் ஒருவர், மணமான ஆணிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். நம் மாணவர் எட்டு மாதம் மெலிந்ததற்கு அதுவும் ஒருவகையில் காரணமாகலாம்.

இவை பழங்கதைகள் அல்ல. 2016 முதல் 2018 வரை ஐரோப்பாவின் 22 நாடுகளில் ஹெபடைடிஸ் ஏ பரவி, 4000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டது உறுதி செய்யப்பட்டது. அவர்களுள் ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்கள் மிகுதி. அதைக் காட்டிலும் அஞ்சத்தக்கது 2022 சனவரியில் இங்கிலாந்துச் சுகாதார அமைப்பு விடுத்த எச்சரிக்கை. பெரும்பாலான மருந்துகளுக்கு அடங்காத ஒருவகை ஷிகெல்லா, அதற்கு முந்தைய 17 மாதங்களில் 16 பேரிடம் மட்டுமே காணப்பட்டிருக்க, 2021 செப்டம்பர் தொடங்கி நான்கே மாதங்களில் 47 பேரிடம் காணப்பட்டது. அமெரிக்காவிலும் 2015இல் இல்லாத இவ்வகை, 2022இல் ஷிகெல்லா தொற்றுகளில் ஏறக்குறைய 5 விழுக்காடாயிற்று என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023 பிப்ரவரியில் அறிவித்தது. பேதி என்றதும் மருந்துக்கடைக்காரரிடம் சொல்லி நாலு மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கமுள்ள நமக்கு இச்செய்தி மிக நெருக்கமானது. கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்வது அப்படித்தான்.

காமாலையைப் பொறுத்தவரை நம் நாட்டுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. முன்பெல்லாம் பெரும்பாலோர்க்குச் சிறுவயதிலேயே இது வந்து, வந்தது தெரியாமலேயே போய், வாழ்நாள் முழுதும் எதிர்ப்பாற்றலைத் தந்துவிடும். கழிப்பறையும் சுத்தமான குடிநீரும் பெருகப் பெருக, இந்நோயைக் காணாமலே வளர்ந்த தலைமுறை உருவாகியிருக்கிறது. பெரியவர்களுக்கு வரும்போது அது கடுமையாக வரும். 2024இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்து வேங்கூரில் குடிநீர் வழியாகப் பரவியபோது இதைக் கண்டோம். நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளைகளே இன்று இந்நோய்க்கு எளிதில் இரையாகக் கூடியவர்கள். தடுப்பூசி இருக்கிறது, வகைக்கேற்ப ஒரு தவணை அல்லது ஆறு மாதமேனும் இடைவெளி விட்டு இரு தவணை. அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லாமையால் நாமே கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்காமல் இருந்துவிடலாம் என்று எண்ணுவது பிழை.

வயிற்று நோய்களோடு முடியவில்லை. மேகப்புண், வெட்டை என்று நம் முன்னோர் அழைத்த சிபிலிசும் கொனோரியாவும், அக்கி போன்ற கொப்புளம் தரும் ஹெர்பிசும், பாலுண்ணிகளை உண்டாக்கும் எச்.பி.வி. நச்சுயிரியும் வாய்க்கும் எருவாய்க்கும் இடையே கடக்கக்கூடியவை. ஆனால் மக்கள் பெரிதும் அஞ்சுவது இவற்றையன்று, எச்.ஐ.வி.யை. உண்மையில் இந்த ஒரு வழியில் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. அஞ்ச வேண்டாததற்கு அஞ்சி, அஞ்ச வேண்டியதை அறியாதிருக்கிறோம். மறைத்து வைத்த பொருளைப் பற்றி மக்கள் அறிவது எப்போதும் இப்படித்தான் தலைகீழாக இருக்கும்.

இனி, செய்யத்தக்கவை. எல்லாத் தீங்கையும் நீக்கும் வழி தவிர்ப்பது ஒன்றே. தவிர்க்க விரும்பாதவர், தீங்கைக் குறைத்துக்கொள்ளலாம். முன்னதாகச் சோப்பும் நீரும் கொண்டு வெளிப்புறத்தை நன்கு கழுவுவது முதற்படி. இது கிருமியைக் குறைக்கும்; ஒழிக்காது. உள்ளே நீர் பாய்ச்சிக் கழுவுவது கூடாது. குடலின் மெல்லிய உள்தோல் அதனால் புண்பட்டுத் தொற்றுக்கு இடம் கொடுக்கும். நம்பத்தக்க காப்பு, இடையில் ஒரு மெல்லிய ரப்பர் விரிப்பு. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் இவ்விரிப்பை 1864இல் அமெரிக்கப் பல் மருத்துவர் சான்ஃபோர்டு பார்னம் பல்லைச் சுற்றி எச்சில் படாமலிருக்கக் கண்டுபிடித்தார். நம்மூர் மருந்துக்கடைகளில் இது எளிதில் கிட்டாது. ஆணுறை ஒன்றின் நுனியையும் அடிவளையத்தையும் கத்தரித்து, நெடுக வெட்டி விரித்தால் அதே பயன் தரும். ஒரு பக்கம் பயன்படுத்திய பின் திருப்பிப் போட்டுப் பயன்படுத்தலாகாது; இன்னொரு முறைக்கு எடுத்து வைக்கவும் கூடாது.

எருவாயில் பட்ட வாயோ விரலோ விரிப்போ பெண்ணுறுப்பில் படக் கூடாது. அங்கும் சிறுநீர்த் தாரையிலும் தொற்று உண்டாகும். முடிந்தபின் கையைச் சோப்பிட்டு, நகக்கண்களையும் விடாமல் கழுவ வேண்டும். கொரோனாக் காலத்தில் நாம் வாங்கி அடுக்கிய கைதுடைப்புத் திரவம் எல்லாக் கிருமியையும் கொல்லும் என்று நம்பக் கூடாது. சில ஒட்டுண்ணிகளும் நோரோ போன்ற நச்சுயிரிகளும் அதற்கு மசியா. சோப்பும் ஓடும் நீருமே மேல். வாயில் புண்ணோ, ஈறில் இரத்தக் கசிவோ, எதிரில் மூலமோ வெடிப்போ இருக்கும்போது அறவே தவிர்க்க வேண்டும். இருவருள் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு இருக்கையிலும், அது நின்று ஒரு வாரமேனும் ஆகும்வரையிலும் எல்லா வகைக் கூடலையும் தள்ளிப்போடுவது நல்லது. அந்நாள்களில் பிறருக்குச் சமைப்பதையும் தவிர்க்க வேண்டும். இணையரிடம் தொடங்கியது பந்தியில் போய் முடியக்கூடாதல்லவா.

நோய் வந்துவிட்டால் மருத்துவரிடம் உள்ளதைச் சொல்வதே பாதி மருத்துவம். என்ன பரிசோதனை செய்வது என்பது அந்த ஒரு செய்தியைப் பொறுத்தே அமையும். ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுப்பதால் பயனில்லை. மற்றவரையும் பரிசோதிக்க வேண்டும். யாருக்கு முதலில் வந்தது என்ற வழக்கு வேண்டாம். நம் மாணவர் வீட்டில் அவ்வழக்கு ஒரு வாரம் நடந்ததாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைபேசித் திரையில் காணும் காட்சிகளில் கழுவுவதும் கேட்பதும் மறுப்பதும் காட்டப்படுவதில்லை. அவற்றைப் பார்த்துப் படிக்கும் இளைஞன், இது எல்லோரும் எப்போதும் விரும்புவது என்று எண்ணிக்கொள்கிறான். மனைவியேயானாலும் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு, கணவனுக்கும் உண்டு. ஒரு முறை ஒப்பியவர் மறுமுறை மறுக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கழுவுதலைப் போலவே கேட்டலும் உடல்நலத்தின் பகுதிதான்.

'இதெல்லாம் நம் பண்பாட்டில் உண்டா? இதை இங்கு எழுதத்தான் வேண்டுமா?' என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கூச்சத்தை நாம் மதிக்கிறோம். அக்கூச்சம் நமக்கும் உண்டு. இக்கட்டுரையின் ஐந்தாம் பத்தியில் நின்று நாம் பட்ட பாடு நமக்குத்தான் தெரியும். ஆயினும், பண்பாடு என்று எதைச் சொல்கிறோம்? தொல்காப்பியர் அவையல் கிளவி என்று ஒன்றைக் குறிக்கிறார். அவையில் சொல்லத் தகாத சொல். அதற்கு அவர் விதிப்பது வாயடைப்பையன்று. மறைத்துக் கிளத்தலை, அதாவது மறைத்தேனும் சொல்லுதலை. பவணந்தியாரின் இடக்கரடக்கலும் அதுவே. அடக்கப்படுவது இடக்கரான சொல், பொருள் அடக்கப்படுவதில்லை. 'கால் கழுவி வந்தான்' என்றதும் என்ன நடந்தது என்பது கேட்ட எல்லோருக்கும் விளங்கிவிடுகிறதே! விளங்காமற்போனால் அது இடக்கரடக்கலே ஆகாது. உடலின் எந்தச் செயலையும் சபையில் கண்ணியமாகச் சொல்வதற்கு இலக்கணமே வகுத்து வைத்த மொழி நம்முடையது. அந்த விதியை நாம் தலைகீழாக்கி, சொல்லாமலிருப்பதற்குச் சாக்காக்கிக்கொண்டோம்.

மருத்துவமனையில் ஆங்கிலம் வகிக்கும் இடத்தையும் நன்னூலே விளக்கிவிடுகிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது போல, ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கப் பேசுவது குழூஉக்குறி. நம் மருத்துவரும் படித்த நோயாளியும் உடலைப் பற்றி ஆங்கிலத்தில் பேசிக்கொள்வது இப்படிப்பட்ட குழூஉக்குறியாகிவிட்டது. நம் மாணவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர், தப்பினார். அந்தக் கேள்வி ஆங்கிலத்தில் கேட்கப்பட்டால் விளங்காத ஒருவர், தமிழில் கேட்கப்பட்டால் எழுந்து ஓடுபவராகவும் இருந்தால், அவர் கதி என்ன?

சொன்னால் பயன் உண்டு என்பதற்கு அயலூர்ச் சான்று தேட வேண்டியதில்லை. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது, இங்கே இதெல்லாம் கிடையாது என்றுதான் பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2000களின் தொடக்கத்தில் தமிழகத்துச் சுவர்களிலும் பேருந்துகளிலும் புள்ளி ராஜா என்ற கற்பனைப் பாத்திரத்தைப் பற்றி ஒரு கேள்வி தோன்றியது. முகம் சுளித்தவர்கள் பலர். ஆனால் டீக்கடையில் அதுவரை பேசப்படாத ஒன்று பேசப்பட்டது. அந்தக் கேள்வி கொச்சையாக இல்லை, மறைபொருளாகவும் இல்லை. இடக்கரடக்கலுக்கு அண்மைக்காலத்தில் கிடைத்த நல்ல எடுத்துக்காட்டு அதுதான்.

சட்டத்தின் அச்சம் ஒருகாலத்தில் இருந்தது. இயற்கைக்கு மாறான உறவு என்று 377ஆம் பிரிவு சொன்னதற்கு அஞ்சி, மருத்துவரிடம் வாய் திறக்காதோர் உண்டு. 2018 செப்டம்பர் 6இல் உச்சநீதிமன்றம் வயதுவந்தோர் மனமொப்பிய உறவை அப்பிரிவிலிருந்து விலக்கியது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அப்பிரிவே இல்லை. ஆக, சட்டம் வாயை விடுவித்துவிட்டது. இன்னமும் அதைக் கட்டி வைத்திருப்பவர்கள் நாம்தாம்.

சென்ற மாதம் நம் மாணவர் மீண்டும் வந்திருந்தார். உடம்பு தேறியிருந்தது. கையில் ஒரு தாள். தாம் அறிந்துகொண்டதையெல்லாம் ஒரு பக்கத் துண்டறிக்கையாகத் தமிழில் எழுதியிருந்தார். அந்த மருத்துவர் தம் காத்திருப்பு அறையில் வைக்கச் சம்மதித்திருக்கிறாராம். பிழை திருத்தித் தரச் சொன்னார். எழுத்துப்பிழை மூன்று, ஒற்றுப்பிழை ஏழு. மற்றபடி நன்றாகவே இருந்தது. எருவாய் என்ற சொல் அதில் ஐந்து இடங்களில் கூச்சமின்றி வந்திருந்தது. ஆனால் முதல் வரி இப்படித் தொடங்கியது: 'இத்தகைய தவறான பழக்கம் உள்ளவர்கள்...'

"இதை யார் எழுதச் சொன்னது?" என்று கேட்டோம்.

"யாரும் சொல்லவில்லை ஐயா. அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன்."

அந்த இரண்டு சொற்களையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'வழக்கம்' என்று மேலே எழுதிக் கொடுத்தோம். தாளை வாங்கியவர் திருத்தத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வரும் பருவத்தில் மீண்டும் நன்னூல் வகுப்பு வரும். 'கால் கழுவி வந்தான்' என்போம். கடைசி வரிசை சிரிக்கும். இம்முறை மங்கலத்திற்குத் தாவப் போவதில்லை. ஏன் கழுவ வேண்டும் என்பதிலிருந்து தொடங்கப் போகிறோம்.